நவம்பரில் தேநீர்ச் சடங்குக்கு அழைப்பு: வளையல், மெட்டி, எச்சில் எல்லாம் என்ன செய்வது?

கியோத்தோகாரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கியோத்தோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் தெருக்கோடி வீட்டில் எழுபது தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். வாசலில் தொங்கும் மரப்பலகையை மொபைலில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்த பிறகுதான் அவர் தேநீர்ச் சடங்கு சொல்லிக்கொடுப்பவர் என்று தெரிந்தது. போன தீபாவளிக்கு ரவா லாடு கொண்டுபோய்க் கொடுத்தேன், அதிலிருந்து பழக்கம்.

இப்போது விஷயம். நவம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் 'ரோபிராக்கி'யாம். மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்களாம், நீயும் வா என்கிறார். "எங்களுக்கு அதுதான் புத்தாண்டு" என்று வேறு சொன்னார். நவம்பரில் என்ன புத்தாண்டு? இணையத்தில் தேடினால் 'மன அமைதி', 'ஜென்' என்றே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சேலை கட்டிக்கொண்டு போகலாமா? மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும் என்று படித்தேன். கண்ணாடி வளையல்? மெட்டி? நான் சைவம், அதைச் சொன்னால் வருத்தப்படுவாரா? கடைசியாக ஒன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரே கிண்ணத்தில் எல்லாரும் வரிசையாக வாய் வைத்துக் குடிப்பார்களாமே, உண்மையா? எங்கள் வீட்டில் டம்ளரில் வாய் வைத்தாலே பாட்டி கையில் ஒன்று போடுவாள்.

அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

சகாய் மெக்கானிக் எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைச் சத்தமாகப் படித்தேன், என் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மெட்டி விஷயத்தில் அவள்தான் சீனியர். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஒசாகாவுக்குத் தெற்கே சகாய் ஊரில் ஒரு பட்டறையில் உலை சம்பந்தப்பட்ட வேலை. தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யூ 1522-இல் பிறந்தது இந்த ஊரில்தான். ஆனால் அந்தப் பெருமைக்காக நான் தேநீர் கற்கப் போனதாக நினைக்க வேண்டாம். மொழி வகுப்புக்குப் பக்கத்து அறையில் தேநீர் வகுப்பு நடந்தது. அங்கே இனிப்பு கொடுத்தார்கள், இங்கே கொடுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

உலைக்காரன் என்பதால் எனக்கு எல்லாம் நெருப்பு வழியாகத்தான் புரியும். தேநீர் அறையில் வருடம் முழுக்க எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் வருடம் மண்டை காய்ந்தது. அப்புறம்தான் பிடிபட்டது: விருந்தாளிக்கு நெருப்பு எவ்வளவு பக்கத்தில், தண்ணீர் எவ்வளவு பக்கத்தில், இந்தக் கணக்குத்தான் பாதி விஷயம்.

மே முதல் அக்டோபர் வரை 'ஃபுரோ'. குளியலுக்கும் உச்சரிப்பில் இதே சொல்தான். சென்செய், அதாவது ஆசிரியர், "ஃபுரோவைத் தயார் செய்" என்றபோது நான் குளியலறைப் பக்கம் நடந்த கதையை அந்த வகுப்பில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இது தரைக்கு மேலே வைக்கிற கணப்பு. தேநீர் போடுபவருக்கு வலப்பக்கம் விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஃபுரோவை இடப்பக்கம், அவர்களை விட்டுத் தள்ளி வைப்பார்கள். குளிர்ந்த தண்ணீர்ச் சாடியான 'மிசுசாஷி' வலப்பக்கம், விருந்தாளிக்குப் பக்கத்தில். வெயில் காலத்தில் நெருப்பைத் தள்ளி வைத்து, தண்ணீரைக் கண்ணில் காட்டுகிறார்கள், சரியா? ஜூலை, ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கிண்ணம் தட்டு மாதிரி அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும், சூடு சீக்கிரம் ஆறும். சாடியின் மூடிக்குப் பதிலாக ஒரு பச்சை இலையைப் போட்டு மூடுகிற முறையும் உண்டு. கிண்ணத்திலேயே கொஞ்சம் தண்ணீரும் துணியும் வைத்துக் கொண்டுவந்து, விருந்தாளி முன்னால் அந்தத் துணியைப் பிழிவார்கள். அந்தச் சொட்டுச் சத்தத்துக்காகவே ஒரு முறை!

அக்டோபரில் குளிர் எட்டிப் பார்க்கும். ஃபுரோ தரையில் போட்டிருக்கும் பாயின் நடுவுக்கு வரும், அதாவது விருந்தாளிக்கு ஒரு சாண் கிட்டே. தண்ணீர்ச் சாடி ஒல்லியானதாக மாறி இடப்பக்கம் ஒதுங்கும். நவம்பர் பிறந்தால் ஃபுரோவையே தூக்கிவிட்டுத் தரையைத் திறந்துவிடுவார்கள். பாயில் சதுரமாக வெட்டு விட்டு, கீழே குழி. அதுதான் 'ரோ'. நான் அளந்து பார்த்திருக்கிறேன், பக்கத்துக்கு 42 சென்டிமீட்டர். அந்த அறையின் பாயைக்கூட மாற்றிப் போடுவார்கள், கோடையில் முழுப்பாய், குளிரில் வெட்டுப்பாய். இந்தக் குழி விருந்தாளிகள் பக்கமாக இருக்கும். தேநீர் போடுபவரும் சற்றுத் திரும்பி அவர்களைப் பார்த்தாற்போல உட்காருவார். எல்லாருக்கும் நடுவில் நெருப்பு. அதைத் திறக்கிற நாள்தான் நீங்கள் போகப்போகிற ரோபிராக்கி.

மார்ச்சில் என்ன ஆகும் என்றும் கேளுங்கள், நன்றாக இருக்கும். கெண்டியை உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு முறை அகப்பை பட்டதும் லேசாக ஆடும். ஏப்ரலில் இடுப்பில் விளிம்பு வைத்த கெண்டி. அந்த விளிம்பு நெருப்பை மூடி விருந்தாளியின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மே மாதம் குழியை மூடிவிட்டு மறுபடியும் ஃபுரோ. இதையெல்லாம் அலங்காரம் என்று எழுதுகிறவர்கள் நவம்பர் மாதத்து ஹீட்டர் இல்லாத கியோத்தோ வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

புத்தாண்டு விஷயம். மே மாதம் பறித்த தேயிலையைச் சாடியில் அடைத்து, வாய்க்கு மரமூடி போட்டு, காகிதம் ஒட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். கோடை முழுக்க அது ஊறும். நவம்பரில் முத்திரையைக் கத்தியால் அறுப்பார்கள். உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பைகள், அவை கெட்டித் தேநீருக்கான இலை. பைகளைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைத்திருக்கும் இலை லேசான தேநீருக்கு. திருகையில் அரைத்தால்தான் அது பச்சைப் பொடி. நாம் கடையில் வாங்கும் மாத்சா அரைத்து வருவதால் இந்த நடுக்கட்டம் நமக்குத் தெரிவதில்லை. புது அரிசி வந்தால்தான் நமக்குப் பொங்கல், இவர்களுக்குப் புதுத் தேயிலை. அக்டோபரில் பழைய தேயிலையின் அடிமிச்சத்தைக் குடிக்கும்போது, உடைந்து பொன் பூசி ஒட்டிய கிண்ணங்களாக எடுத்து வைப்பார்கள். நவம்பரில் எல்லாம் பளிச்சென்று மாறும். புது மூங்கில், புதுத் துணி. சில வீடுகளில் கதவின் காகிதம்கூடப் புதிதாக ஒட்டியிருக்கும்.

அன்றைக்கு மூன்று 'பே' கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். ஓரிபே, இன்பே, ஃபுக்குபே. ஓரிபே என்பது பச்சைப் பூச்சு வழிந்த, கோணல்மாணலான மண்பாண்டம். ரிக்யூவின் சீடர் ஃபுருத்தா ஓரிபேயின் பெயர் அதற்கு. இன்பே என்பது ஒகாயாமா பக்கத்து பிசென் மண்பாண்டம், பூச்சே கிடையாது, சுட்ட மண்ணின் நிறம்தான். ஃபுக்குபே நம்ம ஊர்ச் சுரைக்குடுக்கைதான்! அதை வெட்டிக் கரிக்கூடையாக வைத்திருப்பார்கள். பேர் ஒத்துப்போவதால் சேர்த்த சம்பிரதாயம். பெரிய தத்துவம் தேட வேண்டாம்.

குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று பிரிவது ரோவும் ஃபுரோவும் மட்டுமில்லை. கெண்டி மூடியை வைக்க 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பச்சை மூங்கில் துண்டு இருக்கும். கோடைத் துண்டில் கணு மேல்முனையில், குளிர்காலத் துண்டில் கணு நடுவில். ஒரு நவம்பரில் நான் கோடைத் துண்டை எடுத்து வைத்துவிட்டேன். சென்செய் ஒன்றும் சொல்லவில்லை. என் முறை முடிகிற வரை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

வாசனையும் அப்படித்தான். கோடைக்கு 'பியாக்குதான்', சந்தனக்கட்டைச் சீவல். ஜப்பானில் சந்தன மரம் விளையாது, வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. முதல்முறை அந்த வாசம் வந்தபோது எனக்கு நெல்லையப்பர் கோயில் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. உங்களுக்கு அது கிடைக்காது. குளிர்காலத்தில் அகில், கிராம்பு மாதிரிப் பொடிகளைத் தேனில் பிசைந்து உருட்டிய கறுப்பு உருண்டை. அதைப் பீங்கான் சிமிழில் வைத்திருப்பார்கள். கோடைச் சீவலுக்கு மரச்சிமிழ்.

சாம்பலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கரியை அடுக்கும்போது ரோவைச் சுற்றி எல்லாரும் கூடி எட்டிப் பார்ப்பார்கள், நீங்களும் போங்கள். கறுப்புக் கரிக்கு நடுவே வெள்ளை பூசிய குச்சிக் கரி வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு கரண்டியால் ஈரச்சாம்பல் தூவுவார்கள். மூன்று நிமிட வேலை. அந்தச் சாம்பலைச் செய்வது ஆகஸ்ட் வெயிலில். சாம்பலைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, மிதக்கிற அழுக்கை வடித்து, பாயில் பரப்பிக் காயவைத்து, முழுதாகக் காய்வதற்குள் தேயிலை கொதித்த நீரைத் தெளித்து, கையால் தேய்த்து, சல்லடையில் சலித்து, ஈரம் போகாமல் மூடி வைக்க வேண்டும். விரலில் எடுத்தால் ஒட்டவும் கூடாது, பறக்கவும் கூடாது. நாலாவது வருடம் என்னை அதற்குக் கூப்பிட்டபோது பெருமையாகப் போனேன். சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் அம்மா பார்த்திருந்தால் அந்தச் சாம்பலை அள்ளிப் பித்தளைக் குடம் தேய்க்கப் போயிருப்பாள். வீடு தீப்பிடித்தால் தேநீர்க்காரன் சாம்பலைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்விகள். சேலை தாராளமாகக் கட்டலாம். முந்தானையைப் பின் குத்திவிடுங்கள், குனிந்து வணங்கும்போது கிண்ணத்தைத் தட்டிவிடும். வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கண்ணாடி உடைவதைவிட, முந்நூறு வருடக் கிண்ணத்தில் கீறல் விழுந்தால் எங்கே போய் நிற்பது? தாலிச்சரடு உள்ளே இருக்கட்டும். செண்ட் வேண்டாம், தலைக்கு எண்ணெய் கொஞ்சமாக. புது வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி கையில் கொண்டுபோய் அவர் வீட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். மெட்டி: என் மனைவி கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாகக் காலுறைக்குள் விட்டுக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம் கழித்து எழுந்தபோது ஒரு கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சென்செயின் தோளைப் பிடித்தாள். மெல்லிய கம்பி மெட்டி என்றால் சமாளிக்கலாம், மூன்று சுற்று மெட்டி வேண்டாம். கால் மரத்தால் ஒருபக்கமாகச் சாய்த்து உட்காருங்கள், வெளியூர்க்காரர் என்று மன்னித்துவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சலுகை உண்டு, வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அன்று அநேகமாக 'சென்சாய்' கொடுப்பார்கள், சிவப்புப் பயறும் சர்க்கரையும் போட்ட கஞ்சியில் அரிசிக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று மிதக்கும். அதில் பயமில்லை. சாப்பாடு உண்டு என்றால்தான் கவனம், சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில்தான் தொடங்கும்.

எச்சில். உண்மைதான். கெட்டித் தேநீரை, 'கோய்ச்சா'வை, ஒரே கிண்ணத்தில் போடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று வாயும் ஒரு அரை வாயும் குடித்து, வாய் வைத்த இடத்தைத் துடைத்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். நானும் அண்ணாந்து குடித்து வளர்ந்தவன்தான். முதல் நாள் கிண்ணம் என்னிடம் வந்தபோது, இதை அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் என்ன என்று ஒரு நொடி யோசித்தேன். கோய்ச்சா கூழ் மாதிரி இருக்கும், அண்ணாந்தால் சட்டைக்குத்தான் போகும். பக்கத்திலிருந்தவர் எழுபது வயது முன்னாள் ரயில் ஓட்டுநர். அவர் துடைத்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக் குடித்தேன். இப்போது பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பாதிதான் பழகியிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு ஆளுக்கொரு கிண்ணம் கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன, அதனால் முன்கூட்டிக் கேட்பதில் தப்பே இல்லை. பிறகு வரும் லேசான தேநீர், 'உசுச்சா', எப்போதும் ஆளுக்கொரு முறை தனியாகத்தான்.

கிண்ணம் கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "ஓசாக்கி நி" என்று தலை குனியுங்கள், உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன் என்று அர்த்தம். கிண்ணத்தின் அழகான முகம் உங்களைப் பார்த்து இருக்கும். அதில் வாய் வைக்காமல் கொஞ்சம் திருப்பிக்கொண்டு குடியுங்கள். கடைசி வாயைச் சத்தமாக உறிஞ்சலாம், பாட்டி இங்கே இல்லை.

---

சும்மா கேட்கிறேன் எழுதியது:

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு டீ குடிக்க இத்தனை சட்டமா? மூங்கில் கணு எங்கே இருக்கணும்னு எல்லாம்... பணக்காரங்க பொழுதுபோக்கு மாதிரிதான் தெரியுது.

---

சகாய் மெக்கானிக் எழுதியது:

தம்பி, தப்பே இல்லை, நானும் மாதத்துக்கு ஒருமுறை இதையே நினைக்கிறேன். பணம் விஷயம் உண்மை. ஒவ்வொரு படிக்கும் அனுமதிச் சான்று, அதற்குக் கட்டணம். கிமோனோ, காணிக்கை உறை, அது தனி. நல்ல பெயர் உள்ள ஒரு கிண்ணத்தின் விலையைக் கேட்டால் தூக்கம் போய்விடும். என் முதல் வகுப்பை நான் விட்டுவிட்டதே இந்தக் காசுப் பேச்சினால்தான். இப்போது போகிற இடத்தில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் இந்தச் சண்டை தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. தொயோத்தோமி ஹிதெயோஷி என்ற தளபதி, நாட்டையே பிடித்தவர், சுவர் முழுக்கப் பொன் ஒட்டிய, கழற்றி மாட்டக்கூடிய தேநீர் அறை வைத்திருந்தார். அவருக்குத் தேநீர் ஆசானாக இருந்த ரிக்யூ கட்டியதாகச் சொல்லப்படும் 'தாய்-ஆன்' கியோத்தோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே யாமசாக்கியில் இன்றும் இருக்கிறது. இரண்டே பாய் விரிக்கிற இடம். நுழைவாசல் வழியாகக் குனிந்து தவழ்ந்துதான் போக முடியும், தளபதியானாலும் வாளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இதே ஹிதெயோஷி 1587-இல் கியோத்தோவின் கித்தானோ கோயிலில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பறை சாற்றினார். கெண்டி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று, கிண்ணம் ஒன்று கொண்டுவந்தால் போதும், தேயிலை இல்லாவிட்டால் வறுத்த மாவு கரைத்துக் குடித்தாலும் சரி என்று அறிவிப்பு. பத்து நாள் என்று சொன்னதை ஒரே நாளில் முடித்துக்கொண்டார். நாலு வருடம் கழித்து, 1591-இல், ரிக்யூவை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னதும் அவரே.

சாவதற்கு முன் ரிக்யூ ஒரு மூங்கில் தேக்கரண்டியைச் செதுக்கி ஓரிபேயிடம் கொடுத்தார். அதன் பெயர் 'நமிதா', கண்ணீர். ஓரிபே அதற்கு ஒரு குழல் உறை செய்து, அதில் நீள்சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வழியே கரண்டியைப் பார்த்துக் கும்பிட்டார் என்கிறார்கள். நகோயாவில் தொக்குகாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலைக்குப் பார்த்தால் ஒரு மூங்கில் சிம்பு. ஆனால் பணக்காரர்களின் பெட்டியில்தான் அது நானூறு வருடம் பத்திரமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

---

நெசவுப்பித்து எழுதியது:

குறுக்கே வருகிறேன். தேநீர் எனக்குத் தெரியாது, துணி தெரியும். கியோத்தோகாரி, அங்கே தேயிலைப்பொடி வைக்கிற சின்னப் பீங்கான் ஜாடிக்குப் பட்டில் ஒரு சுருக்குப்பை போட்டிருப்பார்கள், 'ஷிஃபுக்கு' என்று பெயர். அந்தப் பைகளுக்கும் பெட்டியைப் பொதியும் துணிகளுக்கும் பழைய காலத்தில் ஆசைப்பட்டுத் தேடிய துணிகளில் ஒன்று 'சரசா'. பூவும் கொடியும் அச்சிட்ட, கையால் வரைந்த பருத்தித் துணி. டச்சுக் கப்பல்களில் நாகசாகிக்குப் போனதில் பெரும்பங்கு இந்தியத் துணி, நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனதும் அதில் உண்டு. இங்கே பாயாகவும் போர்வையாகவும் கிடந்த துணியின் கந்தல் துண்டுகளை அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிப் பை தைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைக் கேட்டதும் நான் எழுந்து நின்றேன். ஜப்பானில் கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு 'சான்தோமே' என்று பெயர். நம்ம சென்னை சாந்தோம்தான்! மயிலாப்பூருக்குப் பக்கத்தில் போர்த்துக்கீசியர் இருந்த இடத்தின் பெயர் துணிக்கு ஒட்டி, கடல் தாண்டிப் போயிருக்கிறது. பிறகு ஜப்பானிலேயே அந்த மாதிரியை நெய்யத் தொடங்கினார்கள், தோக்கியோ பக்கத்தில் கவாகோயேவில்கூட. அந்த அம்மாவின் பெட்டியில் பழைய கோட்டுத்துணி ஏதாவது இருந்தால் பெயர் கேட்டுவிட்டு வாருங்கள், ப்ளீஸ்.

---

சகாய் மெக்கானிக் எழுதியது:

நெசவுப்பித்து, இத்தனை வருடம் 'சான்தோமே' என்று சொல்லித் துணியை மடித்திருக்கிறேன், பஸ் 12பி-யில் அந்தப் பக்கம் போயும் இருக்கிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தத் தேயிலைப்பொடி டப்பாவைப் பற்றி நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லேசான தேநீருக்கு வைக்கிற அரக்கு பூசிய உருண்டை டப்பாவுக்கு 'நட்சுமே' என்று பெயர். அர்த்தம் இலந்தைப்பழம். பார்த்தால் அப்படியே இலந்தைதான் இருக்கும், பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்ப்பொடி போட்டு விற்ற பழம்.

---

கியோத்தோகாரி எழுதியது:

அண்ணா, போய்விட்டு வந்தேன். ஒரு வாரமாக எழுத நேரமில்லை.

சேலை கட்டினேன், முந்தானையைப் பின் குத்தினேன். வளையல் இல்லாமல் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்து அந்த அம்மாவே "ஓ, தெரிந்து வைத்திருக்கிறீர்களே" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, பெருமையை நானே வைத்துக்கொண்டேன். மெட்டியைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன், ஊரில் என் அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்று பே-யும் இருந்தன! சுரைக்குடுக்கையைப் பார்த்ததும் "எங்கள் ஊரில் இதில் சாம்பார் வைப்போம்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் சாம்பார் என்றால் என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் போனது. கரி அடுக்கும்போது எல்லாரோடும் நானும் போய் ரோவைச் சுற்றி உட்கார்ந்தேன். ஈரச்சாம்பலை அவர் தூவிய விதம்... கரண்டியைச் சாய்த்ததும் கோலமாவு மாதிரி இழுத்த கோட்டில் விழுந்தது. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் கரியை மட்டும்தான் பார்த்திருப்பேன். கெண்டி சத்தம் போடத் தொடங்கியபோது ஒருவரும் பேசவில்லை. அடியில் இரும்புத் துண்டுகளை ஒட்டி அந்த ஒலியை வரவைக்கிறார்களாம், பைன் மரத்தில் காற்று என்று அதற்குப் பேர். எனக்கு ரயில் தூரத்தில் வருகிற மாதிரி இருந்தது.

கோய்ச்சா ஆளுக்கொரு கிண்ணம்தான். முன்கூட்டியே கேட்டேன். "நானும் அப்படித்தான் நினைத்தேன், என் மகனுக்கும் பிடிக்காது" என்றார். எவ்வளவு நாள் தூக்கம் கெடுத்துக்கொண்டேன்! ருசி? கீரை மசியலில் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை என்றால் எப்படியோ அப்படி. ஆனால் தொண்டையில் இறங்கிய பிறகு ஒரு இனிப்பு வந்தது, அது பொய்யில்லை. சென்சாய் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

கடைசியில் தேக்கரண்டியின் பெயர் கேட்கிற கட்டம். மாணவி ஒருவர் கேட்டார், அம்மா 'ஷிகுரே' என்றார். குளிர்காலத் தொடக்கத்தில் வந்து வந்து போகிற சிறுமழையாம். அப்புறம் என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் இந்த மாதத்து மழைக்குப் பெயர் உண்டா என்றார். ஐப்பசி இன்னும் முடியவில்லை என்று கணக்குப் போட்டு "அடைமழை" என்றேன். எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். 'ழ' ஒருவருக்கும் வரவில்லை. "அதைமாரே" வரை வந்தார்கள். வந்து வந்து போகுமா என்று கேட்டார்கள். இல்லை, வந்தால் போகாது, பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள் என்றேன். அந்தப் பெயரைக் கரண்டிக்கு வைக்க முடியாது, விருந்தாளி வீட்டுக்குப் போக முடியாமல் ஆகிவிடும் என்று அம்மா சொன்னார்.

நெசவுப்பித்து, துணி கேட்டேன். கோட்டுத்துணி இல்லை. பூப்போட்ட சரசாவில் ஒரு துண்டு இருக்கிறது, அவருடைய மாமியார் கொடுத்தது. ஓரம் நைந்திருந்தது. கையில் வாங்காமல் குனிந்து மட்டும் பார்த்தேன். சிவப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஒன்று அண்ணா. கிளம்பும்போது உற்சாகத்தில், ஆகஸ்டில் சாம்பல் சலிக்க நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடனே நாட்காட்டியை எடுத்துப் பெயர் எழுதிவிட்டார்.

---

சகாய் மெக்கானிக் எழுதியது:

மாட்டிக்கொண்டீர்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் முதுகுக்குத் தைலம் இரண்டு பாட்டில் வாங்கிவரச் சொல்லுங்கள். ஒன்று அந்த அம்மாவுக்கு.